மாட்டுக்குப் போன கீரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். அது அரசாங்கம் வைத்த பெயர். பிள்ளைகள் சத்துணவு டீச்சர் என்பார்கள். பாடம் நடத்துகிற டீச்சர்கள் என் முதுகுக்குப் பின்னால் சோத்து டீச்சர் என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர்கள் பாடத்துக்கு வராத பிள்ளைகூட என் மணிக்கு வந்துவிடும். என் வருத்தமெல்லாம் வேறு. இந்த ஊரைப் போலத் தானம் செய்கிற ஊரை நான் பார்த்ததில்லை. இந்த ஊரில் பார்த்த மாதிரி வற்றிப்போன பிள்ளைகளையும் வேறெங்கும் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே ஊரில் எப்படி இருக்க முடியும் என்று எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். என்னோடும் போட்டிருக்கிறேன்.

பசி என்றால் வயிறு ஒட்டிக்கிடப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அது எங்கெங்கே போய் உட்காரும் என்று தெரிந்தது. வாயோரத்தில் புண்ணாக உட்காரும். தலைமுடியில் செம்பட்டையாக உட்காரும். நேற்றுச் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாட்டை இன்று மறக்கவைக்கும். விளையாட்டு மணியில் சுவரோரமாகத் தூங்கவைக்கும். எட்டு வயதுப் பிள்ளையை ஐந்து வயது உயரத்திலேயே நிறுத்திவைக்கும். டீச்சர்கள் இதற்கெல்லாம் சேர்த்து வைத்திருந்த ஒரே பெயர் மக்கு.

மூன்றாம் வகுப்பில் அப்படி ஒரு பெண் இருந்தாள். உயரம்தான் ஐந்து வயது, வாய் ஐம்பது வயது. அப்பன் கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனவன், போனவன்தான். அம்மா கோயில் தெருவில் அகத்திக் கீரை விற்றாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போய், வரப்போரத்து அகத்தியை ஒடித்துக் கட்டிக்கொண்டு வருவாள். சாமி கும்பிட வருகிறவர்கள் அதை வாங்கி மாட்டுக்குக் கொடுப்பார்கள். மாடும் அங்கேயே கட்டியிருக்கும். பசுவுக்கு அகத்தி கொடுத்தால் முன்னோர் குளிர்ந்துபோவார்கள் என்பது நம்பிக்கை. அமாவாசை என்றால் கட்டுக்கட்டாகப் போகும்.

அந்தத் தாய்க்கு எழுத்து தெரியாது. கூட வருகிற கீரைக்காரப் பெண்களுக்கும் தெரியாது. பள்ளி இல்லாத நாட்களில் பஸ் போர்டு படித்துச் சொல்வது இவள் வேலை. தூரத்தில் வரும்போதே, வண்டி நிற்பதற்கு முன்பே கத்திவிடுவாள். "செங்கம் போறது இது, நம்மளுது பின்னாடி வருது, யாரும் ஏறாதீங்க!" அந்தப் பெண்கள் இவளைக் கண்டக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். இந்தக் கதையை எனக்கு அவளேதான் சொன்னாள், நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் பஸ் இன்னும் கொஞ்சம் தூரத்தில் வந்தது.

ஒருநாள் காலையிலிருந்தே மழை மூட்டம். எங்கள் சமையல் கொட்டகையில் அப்போது பல்பு கிடையாது. பிள்ளைகள் வரிசையாகத் தட்டை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இவள் சோறு வாங்கிக்கொண்டு திரும்பியவள், உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளின் தட்டை மிதித்துத் தள்ளி, தன் தட்டையும் கொட்டிவிட்டாள். அன்றைக்குப் பார்த்து முட்டை நாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற முட்டை. எனக்கு வந்ததே கோபம்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது உனக்கு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் அழவில்லை. கையால் தரையைத் தடவித் தடவி முட்டையைத் தேடினாள். முட்டை அவள் கண்ணெதிரே, ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் தாயை வரச்சொன்னேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒரு மாசமா அப்படித்தான் கீறா டீச்சர். பொழுது சாஞ்சா போர்டு தெரியலங்குது. வூட்டுக்குள்ள செவுத்தப் புடிச்சிக்கினு நடக்குது. நாட்டு வைத்தியருகிட்ட காட்டிக் கண்ணுக்கு மருந்து வாங்கியாந்து ஊத்திக்கினுதான் இருக்கறேன்."

எனக்குத் தெரிந்த கண் வைத்தியம் ஒன்றே ஒன்று, கண்ணாடி. என் அண்ணன் மகனுக்குப் போர்டு தெரியவில்லை என்றார்கள், கண்ணாடி போட்டார்கள், தெரிந்தது. இவளுக்கும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அங்கே காலையில்தான் பார்ப்பார்கள். காலை எனக்கு உலை வைக்கிற நேரம், தாய்க்குக் கீரை விற்கிற நேரம். போனாலும் சீட்டுத்தானே எழுதித் தருவார்கள், கண்ணாடிக்கு எங்கே போவது? இப்படி எல்லாவற்றுக்கும் நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி.

ஊரில் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்றுகிற பாதையில் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறவர். நல்லவர். அதில்தான் எனக்கு எரிச்சலே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

"பௌர்ணமி அன்னிக்குப் பந்தலுக்குக் கொழந்தைய கூட்டிக்கினு வாங்கம்மா. பாத்துச் செய்யலாம்" என்றார்.

பௌர்ணமிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. காத்திருந்தோம்.

அன்று மத்தியானமே தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். அந்தப் பாதையில் பந்தல் பக்கத்திலேயே பந்தல். ஒரு பந்தலில் பொங்கல், ஒன்றில் தயிர்சாதம், ஒன்றில் கேசரி, மறுபடியும் தயிர்சாதம். வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். என்னைக் கண்டதும் பொட்டலங்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். முந்தின நாள் எங்கே இருந்தது இந்தச் சோறு? அடுத்த நாள் எங்கே போகப்போகிறது? புண்ணியத்துக்கு மட்டும் நாள் நட்சத்திரம் பார்க்கிறோம், பசி பார்ப்பதில்லை. வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஒரு நாத்திகப் பிறவியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

முதலாளி எங்களை மறக்கவில்லை. "மொதல்ல கொழந்த சாப்புடட்டும்" என்று சொல்லி அவர் கையாலேயே போட்டார். கண்ணாடிப் பேச்சை எடுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"தனியா ஒருத்தருக்குன்னு செஞ்சா நாளைக்குப் பத்துப் பேரு வந்து நிப்பாங்கம்மா. எனக்கு இல்லன்னு சொல்ல மனசு வராது. சாப்பாடுன்னா பேதமில்ல பாருங்க, வந்தவங்களுக்கெல்லாம் போட்டுடலாம்."

போகும்போது தாயின் கையில் ஆறு தயிர்சாதப் பொட்டலம் வைத்து அனுப்பினார். வீட்டில் அடுத்த நாளும் அதைத்தான் சாப்பிட்டார்கள். புளித்துப்போன சோற்றைத் தூக்கி எறிகிற வசதியெல்லாம் அந்த வீட்டில் கிடையாது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குப் பேதி கண்டது. பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை.

அடுத்து அமாவாசை வந்தது. என் அப்பா இறந்த பிறகு நான் எந்த அமாவாசைக்கும் அகத்தி கொடுக்கத் தவறியதில்லை. காலை எட்டு மணிக்குக் கோயில் தெருவுக்குப் போனேன். அவள் தாயிடமே வாங்கலாம், அந்தப் பிள்ளையையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைப்பு. கீரைக் குவியலின் ஓரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்குக் கண்ணைத் திறக்கவே இல்லை. தாயின் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இன்னும் பேதி நிக்கலியா?" என்று தாயைக் கேட்டேன்.

"நின்னுடுச்சி டீச்சர். கண்ணுதான் கூசுதுங்குது. மருந்து ஊத்திக்கினுதான் இருக்கறேன். கஞ்சிதான் துன்றா."

"கீரை ஏதாவது குடுக்கறதுதானே?" ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

தாய் பதறிப்போனாள். "அய்யய்யோ, அகத்தி துன்னா மருந்து முறிஞ்சிடும்னு வைத்தியரு கண்டிசனா சொல்லிக்கீறாரு. ஒரு எல வாய்ல போடல டீச்சர். அத்தோட இது மாட்டுக்குன்னு கட்டனது."

அதுவும் சரிதான் என்று தலையாட்டினேன். அகத்தி மருந்தை முறிக்கும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். இரண்டு கட்டு வாங்கினேன். அங்கே நின்ற மாட்டுக்கு அன்று எத்தனை பேர் கொடுத்திருந்தார்களோ, அது வயிறு முட்டிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் விடவில்லை. தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயில் திணித்தேன். அது நாலு இலையை மென்று மீதியைத் துப்பியது. என் அப்பா குளிர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று சொல்வார்களே, நான் வெண்ணெயை மாட்டுக்கு ஊட்டிவிட்டு வந்தவள்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்கே ஓடிவந்தாள். வலது கண்ணின் கருவிழி மேல் பாலாடை படிந்ததுபோல் வெள்ளை. நடுவில் குழிந்திருந்தது. உலையைச் சமையல் ஆயாவிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

பெரியாஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா சாயந்தரத்துல கண்ணு தெரியல?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"இது மாலைக்கண்ணும்மா. கண்ணாடில தீர்ற வியாதி இல்ல. சத்து இல்லாம வர்றது. கீரை, முருங்க, பப்பாளி, ஏதாவது ஒண்ணு தினம் கொஞ்சம் உள்ள போயிருந்தா வந்தே இருக்காது. இருந்த கொஞ்சமும் நீங்க சொன்ன பேதில போயிடுச்சு." தாயின் பக்கம் திரும்பினார். "வீட்ல கீரையே வாங்கறதில்லியாம்மா?"

"நான் கீரதாங்க விக்கறேன்" என்றாள் தாய்.

"என்ன கீரை?"

"அகத்திங்க. மாட்டுக்கு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அகத்தியில் அந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று அவர் சொன்னபோது அந்தத் தாயின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

மஞ்சள் எண்ணெய் மாதிரி ஒரு மருந்தைச் சின்ன ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்தார்கள். இலவசம். அலமாரியில் பாட்டில் பாட்டிலாக இருந்தது. இடது கண் தப்பிவிடும் என்றார்கள், தப்பியது. வலது கண் போய்விட்டது. "ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தாக்கூட" என்று டாக்டரம்மா ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். இரண்டு வாரம் முன்னால் நாங்கள் தயிர்சாத வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு எனக்குப் பிடித்தது கீரைப் பைத்தியம். என் வீட்டுக் கொல்லையிலேயே முருங்கை மரம் நின்றது. கம்பளிப்பூச்சி வருகிறது என்று வருஷா வருஷம் மொட்டையடித்துக் குப்பையில் போட்டவள் நான். அதிலிருந்து ஆரம்பித்தேன். தினம் இரண்டு கை உருவிக்கொண்டுபோய் சாம்பாரில் போட்டேன். நூற்று சொச்சம் பிள்ளைகளுக்கு அது எம்மாத்திரம், யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால் பள்ளியைச் சுற்றி முருங்கை நிற்கிற வீட்டுக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பணம் வேண்டாம், வாரத்தில் ஒருநாள் ஒரு கொத்து போதும் என்று கேட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் சோறு என்று கேட்டால் மூட்டையாகத் தருவார்கள். கீரை என்றால் ஆயிரம் நொட்டை. வெள்ளிக்கிழமை முருங்கையை ஒடிக்கக்கூடாது. செவ்வாய்க்கிழமையும் கூடாது. அமாவாசையில் மரத்தையே தொடக்கூடாது. "கீரையப் போயி யாராவது தானமா குடுப்பாங்களா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள், என்னவோ நான் அவர்கள் மானத்தை வாங்க வந்ததுபோல. இன்னொரு வீட்டம்மாள் ஒரு கிலோ சர்க்கரை தருகிறேன், கேசரி போடுங்கள் என்றாள். அவளுக்குப் பேரன் பிறந்திருந்தான். அந்தச் சர்க்கரையை வாங்காமல் வந்ததற்கு அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே, "இன்னா டீச்சர், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்றார். பழமொழியாகத்தான் சொன்னார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. சோதனைக்கு வந்த அதிகாரியோ வேறு ரகம். சாம்பாரைக் கரண்டியால் கிளறி, "பட்டியல்ல முருங்கக்கீரை இல்லியேம்மா, யாராவது வாந்தி எடுத்தா யாரு பொறுப்பு?" என்றார். கீரை இல்லாமல் கண் போனதே, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். ஜாஸ்தி பேசுகிறேன் என்று எழுதிக்கொண்டு போனார்.

தந்தவர்களும் இருந்தார்கள். ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டம்மா, தோட்டத்துப் பப்பாளியை வாரம் தவறாமல் ஆட்டோவில் போட்டு அனுப்பினாள். எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளை என்றுகூட அவள் கேட்டதில்லை. நன்றி சொல்லப் போனேன். "மரத்துலயே பழுத்துக் கொட்டுது டீச்சர், இதுக்கு இன்னா நன்றி" என்று உள்ளே போய்விட்டாள். அந்தக் கீரைக்காரத் தாயும் தினம் ஒரு கட்டு அகத்தியை எடுத்துவைத்துவிட்டுத்தான் விற்கப்போனாள். கசப்பு தெரியாமல் பருப்போடு வேகவைக்க ஆயா கற்றுக்கொண்டாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை எங்கள் சாம்பார் பச்சையாகத்தான் இருந்தது. ஒரு கொத்து இலை, ஒரு பப்பாளி, சாதாரண செவ்வாய்க்கிழமையில். இவ்வளவுதான் உதவி. இதை ஒருவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுபோகும்.

கண் போன சங்கதி எப்படியோ ஜவுளிக்கடை முதலாளி காதுக்குப் போயிருக்கிறது. கண் போய் இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காரில் பள்ளிக்கு வந்தார். கூட போட்டோ எடுக்கிறவர், லட்டு டப்பா, துணிமூட்டை. எல்லாப் பிள்ளைகளுக்கும் லட்டு. இவளுக்கு மட்டும் சரிகை வைத்த பாவாடை சட்டை இரண்டு, புதுப் பை, ஒரு பெரிய பொம்மை. தனியாக ஒருத்தருக்குச் செய்யக்கூடாது என்ற பேச்சு இப்போது இல்லை. அவர் அவள் தலையில் கை வைத்தபோது நிஜமாகவே அழுதுவிட்டார். போட்டோக்காரர், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பும்மா" என்று அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினார். வெள்ளையாகிப்போன கண் படத்தில் விழவேண்டும். தலைமையாசிரியர் நன்றியுரை சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கார் போனபிறகு அவள் கொட்டகைக்கு வந்தாள். சோறு போட்டுக் கொடுத்து, அவளுக்கு வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். மடியில் பொம்மை. புதுப் பாவாடையில் சாம்பார் படாமல் குனிந்து குனிந்து சாப்பிட்டாள். கீரையை ஒதுக்கவில்லை. வெகுநேரம் எதையோ யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், இன்னொரு கண்ணும் போயிருந்தா இன்னும் ஜாஸ்தி குடுத்திருப்பாங்க இல்ல?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. அவள் மேலா, காரில் வந்தவர் மேலா, மாட்டுக்குத் திணித்த என் கை மேலா? அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். நான் கை ஓங்கினால் அந்தப் பள்ளியில் தலையை இழுத்துக்கொள்ளாத பிள்ளை கிடையாது. இவள் இழுத்துக்கொள்ளவில்லை. என் கை அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாது.